ஃபெட் சிமுலேஷன்கள்: ஓர் அறிவியல் ஆசிரியையின் பரிந்துரை

அறிவியல் ஆசிரியர்களுக்கு இணையத்தில் ஒன்றே ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் ஃபெட்டைத்தான் (PhET) சொல்வேன். அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் சிமுலேஷன்களின் தொகுப்பு அது. இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இணையதளத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். மாணவர்கள் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. வேதியியல், கணிதம், உயிரியல் என்று நிறைய இருந்தாலும் நான் அதிகம் எடுப்பது டிசி (நேர்மின்னோட்ட) மின்சுற்று சிமுலேஷனைத்தான்.

இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும், தேர்வில் சரியாக எழுதிவிட்டு மனதுக்குள் பழையதையே வைத்துக்கொள்வார்கள். அதனால் நான் விளக்குவதில்லை. முதலில் அவரவர் கணிப்பை நோட்டில் எழுதச் சொல்வேன். அப்புறம் முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என மூன்று இடங்களில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைக்கச் சொல்வேன். மூன்றும் ஒரே அளவைக் காட்டும். "மீட்டர் தப்பு மிஸ்" என்று ஒருவன் சொல்வான். இன்னொருத்தி பேட்டரியின் வோல்ட்டேஜை ஏற்றி மறுபடி பார்ப்பாள். அந்த வாதத்தில்தான் பாடம் நடக்கிறது. ஒயரை நேராகப் பேட்டரியின் இரு முனைகளிலும் மாட்டினால் திரையில் தீப்பிடிக்கும். யாருக்கும் கை சுடாது.

ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரான்கள் கண்ணெதிரே ஓடுவதைப் பார்த்து, நிஜத்திலும் அப்படித்தான் பாய்கின்றன என்று நினைத்துவிடுவார்கள். சாதாரண ஒயரில் அவை நகரும் வேகம் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. சுவிட்சைப் போட்டதும் சுற்று முழுவதும் உள்ளவை கிட்டத்தட்ட ஒன்றாக நகரத் தொடங்குவதால்தான் பல்பு உடனே எரிகிறது. இதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். நிஜப் பேட்டரியையும் பல்பையும் கையில் கொடுப்பதையும் நிறுத்தக் கூடாது.

இணைய வசதி சரியில்லாத பள்ளிகளுக்கு இதில் பெரிய நிம்மதி உண்டு. பிரவுசரிலேயே ஓடும் எச்டிஎம்எல்5 சிமுலேஷன் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்கிவிடும். பென் டிரைவில் எடுத்துப்போய் எந்த நவீன பிரவுசரிலும் திறக்கலாம். இன்னும் மாற்றப்படாத பழைய ஜாவா சிமுலேஷன்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், டேப்லெட்டில் படுத்தி எடுக்கும்.

ஆசிரியருக்கான உதவியும் கணிசமானது. ஆசிரியர் கணக்கு தொடங்கினால் குறிப்புகளும், மற்ற ஆசிரியர்கள் பகிர்ந்த செயல்தாள்களும் கிடைக்கும். பல சிமுலேஷன்களைத் தன்னார்வலர்கள் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஆனால் செயல்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்கு நேரம் வேண்டும். கருவியை வாங்கிக் கொடுக்கும் நிர்வாகங்கள் அந்த நேரத்தைக் கொடுக்க மறந்துவிடுகின்றன. வாரத்தில் ஒரு பீரியட், இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து செயல்தாள் தயாரிக்க விட்டாலே எவ்வளவோ மாறும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நீளமான வழிமுறைத்தாள் கொடுக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகளை இஷ்டத்துக்கு நோண்ட விடுங்கள், கேள்வியை அதற்கப்புறம் கேளுங்கள்.