விண்டோஸ் எந்தப் பதிப்பு? யாரிடம் கேட்பது?

கொழும்பு புறக்கோட்டைக் கடைகளுக்கு பில் மென்பொருள் போட்டுக் கொடுப்பவர்களுக்கு இது பழகிய காட்சி: கவுண்டரில் விண்டோஸ் 7, உள்ளே கணக்கு அறையில் விண்டோஸ் 11. இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓட வேண்டும். போனில் கேட்டும் பயனில்லை. “முதலாளி, உங்கட கம்ப்யூட்டர்ல என்ன விண்டோஸ்?” “போன வருசம் போட்டது, தம்பி.” ஆக, மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய வழி, பதிப்பு எண்ணைக் கேட்கும் விண்டோஸ் அழைப்பான கெட்வெர்ஷன்எக்ஸ். விண்டோஸ் 8.1 முதல் இதை நம்ப முடியாது. மென்பொருளோடு வரும் விவரக் குறிப்பான மேனிஃபெஸ்டில் விண்டோஸ் 10க்கான அடையாளத்தைச் சேர்க்காவிட்டால், விண்டோஸ் 11இல் ஓடிக்கொண்டே 6.2, அதாவது விண்டோஸ் 8 என்று சாதிக்கும். மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் தளமான டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கிலும் இதே கதை. டாட்நெட் 5இல்தான் சரிசெய்தார்கள்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி எளிதாகத் தெரியும், ஆனால் அதில்தான் பொறிகள் அதிகம். விண்டோஸ் 11இலும் பெயரைச் சொல்லும் ப்ராடக்ட்நேம் ‘விண்டோஸ் 10’ என்றே இருக்கும். முதன்மை எண்ணும் 10.0தான், பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் என்றால் 11. அந்த பில்ட் எண் அங்கே எழுத்துச் சரமாகக் கிடக்கிறது. எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால், முதல் எழுத்திலேயே 7 என்பது 2ஐ முந்திவிடுவதால் விண்டோஸ் 7இன் 7601, 22000ஐ விடப் பெரிதாகிவிடும்!

கணினி விவரங்களைத் தரும் விண்டோஸ் சேவையான டபிள்யூஎம்ஐ பெயரைச் சரியாகச் சொல்லும், ஆனால் மெதுவானது. மென்பொருள் திறக்கும் நேரத்தில் அதைக் கூப்பிட எனக்கு மனமில்லை. மேனிஃபெஸ்டைப் பார்க்காமல் உண்மையான எண்ணைத் தருவது விண்டோஸின் உள் கோப்பான என்டிடிஎல்எல்லில் உள்ள ஆர்டிஎல்கெட்வெர்ஷன் என்ற அழைப்பு. நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் எழுத என் தேர்வு அதுதான்.

ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது வேறு விஷயம். பில்லில் தமிழும் சிங்களமும் அச்சாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 7இல் தமிழுக்கு லதா, சிங்களத்துக்கு இஸ்கோலா பொதா என்ற எழுத்துருக்கள் உண்டு. விண்டோஸ் 8இல் வந்த நிர்மலா யூஐ இரண்டு மொழிக்கும் போதும். விண்டோஸ் 10இல் பழைய இரண்டும் வேண்டுமானால் மட்டும் நிறுவிக்கொள்ளும் விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன. பழைய கணினியை மேம்படுத்தியிருந்தால் அவை அப்படியே இருக்கவும் கூடும். இங்கே பதிப்பு எண்ணைப் பார்த்து ஊகிப்பதை விட, நிர்மலா யூஐ இருக்கிறதா என்று நேராகக் கேட்டு, இல்லையென்றால் லதாவுக்கும் இஸ்கோலா பொதாவுக்கும் போவதே சரி. சாளரத்தின் திரை அடர்த்தியைச் சொல்லும் கெட்டிபிஐஃபார்விண்டோ போன்ற புதிய அழைப்புகளுக்கும் அப்படித்தான்: ஓர் அழைப்பு எங்கே இருக்கிறது என்று தேடும் கெட்ப்ராக்அட்ரஸ் முகவரி கொடுத்தால் பயன்படுத்து, கொடுக்காவிட்டால் பழைய வழி.