இல்லத்துக்கா, பாட்டிக்கா?

ஆப்பிரிக்காவில் மலாவி, ஜிம்பாப்வே, எஸ்வாத்தினி நாடுகள் பக்கம் எய்ட்ஸுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு உதவ நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது: அநாதை இல்லத்துக்குக் கொடுப்பதா, பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கா?

செலவு
இல்லம்: கட்டடம், சம்பளம் என்று ஒரு பிள்ளைக்கே பல மடங்கு ஆகும்.
பாட்டி: கூரை ஏற்கெனவே இருக்கிறது. மக்காச்சோள மாவு, சீருடை, நோட்டுப் புத்தகத்துக்கு வழி செய்தால் பெரும்பாரம் குறையும். மலாவி அரசு 2006-இல் ம்சிஞ்சி மாவட்டத்தில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இப்படித்தான் பணத்தை நேராக ஏழை வீடுகளுக்குத் தருகிறது.

உறவு
இல்லம்: அண்ணன் ஓரிடம், தங்கை ஓரிடம் என்று பிரிய நேரலாம். வளர்ந்து வெளியே வந்தால் போய் நிற்க ஒரு வாசல் இருக்காது.
பாட்டி: ஊரும் சொந்தமும் விட்டுப் போகாது. அப்பாவின் நிலத்தை உறவுக்காரர்கள் எடுத்துக்கொள்வதும் அந்த நாடுகளில் நடக்கிறது. பிள்ளை ஊரிலேயே இருந்தால் உரிமை கேட்கவாவது முடியும்.

நீடிப்பு
இல்லம்: நன்கொடை நின்றால் ஆட்டம் காணும்.
பாட்டி: வயதாகிறது, அதுதான் கவலை. அடுத்துப் பார்த்துக்கொள்ளும் அத்தையையோ சித்தியையோ இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எது யாருக்கு? சொந்தம் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டி வீடுதான். யாருமே இல்லாத பிள்ளைக்கும், வீட்டில் அடி உதை படும் பிள்ளைக்கும் சிறிய இல்லம் தேவை.