இரண்டுக்கு ஒரு காயிலா, ஒவ்வொன்றுக்கும் ஒரு காயிலா?

ஸ்பார்க் பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தருவது இக்னிஷன் காயில். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் இரட்டைக் காயில் அமைப்பு என்றால், 1-4, 2-3 என ஜோடிக்கு ஒரு காயில். இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று கலவையை எரிக்கும், மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகும். ஜோடியில் ஒரு பிளக்கில் மின்சாரம் எதிர்த்திசையில் பாய்வதால் அதன் பக்க முனை சீக்கிரம் தேயும். கழற்றும்போது எந்த பிளக் எந்த சிலிண்டருக்கு என்று குறித்துவையுங்கள். காயில் போனால் பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் சேர்ந்தே அடங்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் (கலவை சரியாக எரியாவிட்டால்) முதலில் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஒயரையும் பிளக்கையும் பாருங்கள்.

பிளக் மேலேயே காயில் உட்காரும் அமைப்பில் அந்த ஒயரே இல்லை. கோளாறைப் பிடிப்பதும் சுலபம்: ஸ்கேனரில் பி0301 (1-ஆம் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்னும் பிழைக் கோடு) வந்தால் 1-ஆம் காயிலை 3-இல் மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பாருங்கள். ஆனால் டேப்பெட் கவர் கேஸ்கெட் (எஞ்சின் மேல்மூடியின் சீல்) கசிந்தால் பிளக் குழியில் ஆயில் தேங்கி காயிலின் ரப்பர் பூட் (உறை) ஊறிப்போகும். கசிவை நிறுத்தாமல் புதுக் காயில் போடுவது பண விரயம்.

புதிதாக வாங்குபவருக்கு இரண்டாவதே மேல். எதுவானாலும் செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.