ரெய்டு அழிந்தும் ஆல்பம் பிழைத்தது: எங்கள் ஸ்டுடியோ சர்வர் அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் கல்யாண ஃபோட்டோ ஸ்டுடியோவுக்கு ஒரு பழைய டெல் டவர் சர்வர் வாங்கிப் போட்டு வருஷக்கணக்காகிறது. நாலு 4 டிபி ஹார்ட் டிஸ்க், அவற்றை ஒன்றாகக் கோத்து நடத்தும் பெர்க் கண்ட்ரோலர் என்ற டெல் கார்டு, ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாதபடி பிரித்து வைக்கும் ரெய்டு 5 முறை. ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்கு (செத்த டிஸ்கின் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவல்) போக, கைக்கு வருவது 12 டிபி. டிசைன் சிஸ்டம் எல்லாம் ஒரே நேரத்தில் ஃபைல் இழுத்தாலும் திணறாது. ஃபேன் இரைச்சலைத்தான் தாங்க முடியவில்லை, பின்னறைக்குத் தள்ளிவிட்டோம்.

ஒருநாள் கரண்ட் வந்து வந்து போனதில் மூணாவது டிஸ்கில் சிவப்பு லைட். கல்யாண ஆர்டர் நிறைய இருந்ததால் மற்ற மூன்றை வைத்தே சில நாள் ஓட்டினோம். பிறகு பார்க்க வந்த சர்வீஸ் பையன் மெனுவுக்குள் போய், நாலு டிஸ்கையும் ஒன்றாகக் காட்டும் விர்ச்சுவல் டிஸ்கையே டெலிட் செய்துவிட்டான். "அண்ணாச்சி, பழச அழிச்சாச்சு. புதுசா போட்டு இனிஷியலைஸ் கொடுத்துருதேன்" என்றான். "ஏலே, கைய எடு மொதல்ல!" என்றேன்.

அங்கே நிறுத்தியதால்தான் தப்பித்தோம். டெலிட் கொடுத்தால் போவது எந்த டிஸ்க் எந்த வரிசை, டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டு (ஸ்ட்ரைப்) எவ்வளவு, எந்த லெவல் என்கிற குறிப்பு மட்டும்தான். பத்திரத்தைக் கிழித்தால் வயல் எங்கேயும் போய்விடாது, அதுபோல டேட்டா டிஸ்கிலேயே கிடக்கும். அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆபத்து. இனிஷியலைஸ் என்றால் புது ரெய்டுக்காகத் துடைத்துத் தயார் செய்வது. அதில் ஃபாஸ்ட் இனிஷியலைஸ் தலையிலும் வாலிலும் கொஞ்சம் அழிக்கும். பார்ட்டிஷன் காணாமல் போகும், படங்கள் பெரும்பாலும் இருக்கும். ஃபுல் இனிஷியலைஸ் ஓடி முடிந்தால் கையை விரிக்க வேண்டியதுதான். ஒன்றும் கொடுக்காமல் புது ரெய்டு 5 போட்டாலும் சில நிமிடத்தில் பேக்ரவுண்டில் பாரிட்டி எழுத ஆரம்பித்துவிடும். வரிசை தப்பாக இருந்தால் அந்தப் பாரிட்டி படத்தின் மேலேயே விழும்.

டிஸ்க்குகளில் ஸ்லாட் நம்பர் எழுதிக் கழற்றி, ரெகவரி தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அசலைத் தொடவில்லை. எல்லா டிஸ்கையும் அப்படியே முழு நகல் (இமேஜ்) எடுத்து, ஆர்-ஸ்டுடியோ என்ற ரெகவரி சாஃப்ட்வேரில் வைத்து வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலில் சின்னத் தம்ப்நெயில்கள் பளிச்சென்று திறந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் அசையவில்லை. "64 கேபி ஸ்ட்ரைப்புக்குள்ள அடங்குற ஃபைலு பெரும்பாலும் ஒரே டிஸ்குல உக்காந்திருக்கும், வரிசை தப்புனாலும் தொறக்கும். பெரிய படத்தப் பாருங்க" என்றார். பார்த்தால் மணப்பெண் நெற்றிச்சுட்டி வரை சரி, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. ஸ்ட்ரைப்பும் வரிசையும் சரியாகப் பொருந்திய பிறகுதான் பட்டுச்சேலை பார்டர் வரை இறங்கியது. சிவப்பு லைட் டிஸ்கை அவர் சேர்க்கவே இல்லை. அது விலகிய அன்றோடு நின்றுபோன பழைய டேட்டா, சேர்த்தால் புதுப் படங்கள் கெடும். மீதி மூன்றே ரெய்டு 5க்குப் போதும்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தைரியத்தில் இருக்க வேண்டாம். அழித்த இடத்தைத் துடைக்கும் ட்ரிம் ஓடிவிட்டால் திரும்பி வராது.

சர்வர் மேல் எனக்குக் குறையில்லை, இன்னும் அதில்தான் வேலை. ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் கடை ஓடுவதற்குத்தான் ரெய்டு. ஒருத்தர் டெலிட் அழுத்துவதற்கும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி ஜங்ஷன் கடைகளுக்குள் புகுந்த மாதிரி வெள்ளம் வருவதற்கும் அது பதில் சொல்லாது. அதனால் ராத்திரி ராத்திரி ஒரு காப்பி வீட்டு மாடியில் இருக்கும் டிஸ்குக்குப் போகிறது. இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு 6க்கு இதே 12 டிபியோடு மாற இன்னொரு டிஸ்க் வேண்டும். தை முகூர்த்தப் பணம் வந்ததும் வாங்க வேண்டும்.