விலை குறைந்த ஷேவிங் பிரஷ்: பன்றி முடியா, செயற்கை இழையா?

கேனில் வரும் நுரையை விட்டுவிட்டு சோப்பும் பிரஷ்ஷுமாகச் சவரம் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பிரஷ் வாங்கும்போதுதான். பிளேடு பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறொன்று போட்டுப் பார்க்கலாம். பிரஷ் அப்படியில்லை, ஒன்று வாங்கினால் பல வருஷம் கூடவே இருக்கும். விலை குறைந்த வரிசையிலேயே பன்றி முடி, பேட்ஜர் (வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு) முடி, குதிரை முடி, செயற்கை இழை என்று நான்கு வகை வந்து நிற்கும். நான்கையும் வெவ்வேறு காலங்களில் மாதக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். குறைந்த விலைக்குள் வாங்குவதென்றால் போட்டி பன்றி முடிக்கும் செயற்கை இழைக்கும் இடையில்தான் என்பது என் முடிவு. அந்த விலையில் பேட்ஜரைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம், புதிதாக வருபவர்கள் முதலில் ஆசைப்படுவது பேட்ஜருக்குத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெட்டியில் ‘அசல் பேட்ஜர்’ என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது, விலையும் கைக்கு எட்டுவதாக இருந்தது. முதல் நாளே தாடையில் குத்தியது. பழகினால் சரியாகும் என்று இரண்டு மாதம் பொறுத்தேன், குத்தல் குறையவே இல்லை. ஒருநாள் முடிக்கொத்தைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தபோது அடியில் இருந்த பசை அப்படியே தெரிந்தது. அவ்வளவு கொஞ்சமான முடி!

நல்ல பேட்ஜர் முடி அருமையான பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவில் தடித்து நுனியில் மெல்லியதாகக் கூர்ந்து போகும் முடி அது. தண்ணீரையும் சூட்டையும் நன்றாகப் பிடித்துவைக்கும். நல்ல முடியைக் கையால் அடுக்கி, இயற்கையான நுனிகள் வெளியே வரும்படி கொத்தை உருவாக்குவார்கள். மலிவான பிரஷ்ஷில் கரடுமுரடான முடியைக் கட்டி, வடிவம் வருவதற்காக மேலே கத்தரித்துவிடுவது வழக்கம். கத்தரித்த நுனி மொட்டையாக நிற்கும். அதுதான் குத்துகிறது, எத்தனை மாதம் ஆனாலும் குத்தும். ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரப் பெயர்கள் சொல்வார்களே, அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கணக்குப்படி வைத்துக்கொள்ளும் பெயர்கள்தான் அவை. பன்றி முடிக்குக் கறுப்புப் பட்டை சாயமிட்டுப் பேட்ஜர் போலத் தோன்றவைத்த பிரஷ்களும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

குதிரை முடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிடரியிலும் வாலிலும் இருந்து வெட்டி எடுப்பதால் அதற்காக விலங்கைக் கொல்லத் தேவையில்லை. குணத்தில் பேட்ஜருக்கும் பன்றிக்கும் நடுவில் நிற்கும். ஊறவைக்க அதிக நேரம் வேண்டாம். குறை என்னவென்றால் முடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், குறிப்பாக வட்டம் வட்டமாகத் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடி தட்டுப்பாடானபோது, சரியாகக் கிருமி நீக்கம் செய்யாத குதிரை முடியை பேட்ஜர் போல் செய்து விற்ற பிரஷ்களால் பலருக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது. அதற்குப் பிறகுதான் பிரஷ் முடியைக் கிருமி நீக்குவதில் கட்டுப்பாடுகள் இறுகின. இன்று வாங்கும் குதிரை முடி பிரஷ்ஷுக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் தேடிப்பிடிப்பது கொஞ்சம் சிரமம் என்பதால் முதல் பிரஷ்ஷாக நான் சிபாரிசு செய்வதில்லை.

சரி, இனி பன்றி முடி.

இந்தப் பேரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1938-ல் நைலான் இழை வைத்த டூத் பிரஷ் சந்தைக்கு வரும்வரை பல் துலக்கும் பிரஷ்களிலும் பரவலாக இருந்தது இதே முடிதான். விறைப்பும் உழைப்பும் உள்ள முடி. இத்தாலியில் பொலோனியா நகரின் ஓமேகா நிறுவனம் 1931 முதல் பிரஷ் செய்துவருகிறது. அதன் தொழில்முறை வரிசையில் வரும் 10048, 10049 ஆகிய இரண்டும் பன்றி முடி என்றதும் எல்லோரும் சொல்லும் மாடல்கள். போர்ச்சுகலின் செமோக் பிரஷ்களும் அதே அளவு பேர் பெற்றவை. விலையை வைத்துப் பார்த்தால் இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய முடிக்கொத்து வேறு எந்த இயற்கை முடியிலும் கிடைக்காது.

ஆனால் புதிதாக வந்த அன்று யாருக்கும் அது பிடிக்காது. நனைந்ததும் விலங்கு வாடை அடிக்கும். துடைப்பம் மாதிரி விறைப்பாக இருக்கும். சோப்பை எவ்வளவு எடுத்தாலும் உள்ளே விழுங்கிக்கொண்டு முகத்துக்கு நுரையே தராது. என்னுடையதை முதல் வாரத்தில் ஓரமாக வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பத்தாவது சவரம் தாண்டியபோது வாடை போயிருந்தது, நுனியில் ஏதோ ஒரு இளக்கம். இருபத்தைந்தாவது சவரத்துக்குப் பக்கத்தில் அது வேறு பிரஷ்ஷாகவே மாறிவிட்டது.

என்ன நடந்தது என்பதை உதிர்ந்த ஒரு முடியில் பார்க்கலாம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் தடித்த ஒற்றை முடியாக இருக்கும். நுனிக்கு வந்ததும் இரண்டாக, சில சமயம் மூன்றாகப் பிளந்து, ஆறு கழிமுகத்தில் பிரிவது போலப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு முடியும் இப்படிப் பிளந்தால் முகத்தில் படும் நுனிகளின் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. நுனி பஞ்சு போல, உடல் பழைய விறைப்போடு. தாடியை நிமிர்த்தித் தேய்க்கும் அந்த அழுத்தத்தோடு மென்மையும் சேர்ந்து வருவது பன்றி முடியில்தான். மலிவான பேட்ஜரில் இது நடக்காது, செயற்கை இழையிலும் நடக்காது.

இதற்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை நேரம். தினமும் சவரத்துக்கு முன் மூன்று நான்கு நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். தண்ணீர் உள்ளே இறங்கும்போது அதன் விறைப்பு தளரும். உங்கள் தாடியும் அதே கெரட்டின்தான், அதற்கும் இரண்டு மூன்று நிமிட ஈரம் தேவை. அதனால் நான் பிரஷ்ஷை மக்கில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். குளித்து வரும்போது பிரஷ்ஷும் தயார், தாடியும் தயார். குளித்த பிறகு சவரம் செய்பவருக்கு இது ஒரு சுமையே இல்லை. எழுந்ததும் முதல் வேலையாக முகத்தில் நுரை போடுபவருக்குத்தான் சுமை. தண்ணீர் கொதிக்கக் கூடாது, முடியும் கெடும், பசையும் இளகும்.

செயற்கை இழையின் குணம் இதற்கு நேர் எதிர். இழை தண்ணீரைக் குடிப்பதே இல்லை. தண்ணீர் இழைகளுக்கு நடுவில் நிற்குமே தவிர உள்ளே போகாது. ஊறவைக்க வேண்டியதில்லை, பழக்க வேண்டியதில்லை, வாடை இல்லை. முதல் நாள் எப்படி இருந்ததோ நூறாவது நாளும் அப்படியே இருக்கும். குழாயில் நனைத்து, ஒரு உதறு உதறி, சோப்பில் வைத்துவிடலாம்.

பழைய நைலான் பிரஷ்களை வைத்து இதை எடை போடாதீர்கள். தடித்த, மொட்டை நுனி இழைகளோடு வந்த அவை உண்மையிலேயே மோசம். இப்போது வரும் இழைகள் மிக மெல்லியவை, நுனியும் கூர்ந்து முடிகிறது. ப்ளிஸாஃப்ட், டக்ஸிடோ என்ற பெயர்களில் விற்கும் இழைகளை முகத்தில் வைத்தால் என் பழைய பேட்ஜரோடு ஒப்பிடவே தோன்றாது, அவ்வளவு மென்மை. சீனாவின் யாச்சி போன்ற தயாரிப்பாளர்கள் இவற்றை மலிவாகவே தருகிறார்கள். பன்றி முடியின் விறைப்பு வேண்டும், ஆனால் பன்றி முடி வேண்டாம் என்பவர்களுக்காக ஓமேகாவே எஸ்-பிரஷ் என்று ஒரு செயற்கை வரிசை வைத்திருக்கிறது. மத நம்பிக்கையாலோ, விலங்குப் பொருள் வேண்டாம் என்ற கொள்கையாலோ ஒதுங்கி நிற்பவர்களுக்கு இது நல்ல வழி.

குறைகள் உண்டு. முதல் குறை, துள்ளல். அழுத்தி விட்டால் இழை ஸ்பிரிங் போல எகிறும், சோப்புத் துளி கண்ணாடியில் தெறிக்கும். மெதுவாக, பெயின்ட் அடிப்பது போல மேலும் கீழும் இழுக்கப் பழகினால் இது பாதி குறையும். இரண்டாவது, தண்ணீர்க் கணக்கு. இழை குடிக்காத தண்ணீர் எல்லாம் சோப்பின் மேல் கொட்டிவிடும், நுரை குமிழியும் காற்றுமாக வரும். நனைத்தபின் நன்றாக உதறிவிட்டுத் தொடங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொள்வதே சரி. மூன்றாவது, சூடு நிற்காது. இரண்டாவது முறை நுரை போடும்போது ஆறிப்போயிருக்கும். எனக்கு இது பெரிய விஷயமில்லை, குளிர்காலத்தில் மட்டும் உறைக்கும்.

நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால், நீங்கள் பயன்படுத்தும் சோப்பே பாதி முடிவைச் சொல்லிவிடும். கட்டி சோப்பிலிருந்து சுரண்டி எடுப்பதில் பன்றி முடிக்கு ஈடில்லை. பதினைந்து இருபது விநாடியில் கொத்து நிறைய எடுத்துவிடும். செயற்கை இழை கட்டி சோப்பின் மேல் வழுக்கும், இன்னும் கொஞ்ச நேரம் சுழற்ற வேண்டும். ட்யூபிலிருந்து வரும் கிரீம் என்றால் கதை தலைகீழ். கொட்டைப்பாக்கு அளவு கிரீம் போதும், செயற்கை இழை அதை ஒரு நிமிடத்துக்குள் நுரையாக்கி, எல்லாவற்றையும் முகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பன்றி முடி தன் பங்கை உள்ளே வைத்துக்கொள்ளும், அதனால் கிரீம் சீக்கிரம் தீரும்.

காய்வதிலும் வித்தியாசம் பெரிது. காலையில் கழுவி உதறி வைத்த செயற்கை பிரஷ் மாலைக்குள் காய்ந்துவிடும். பன்றி முடிக்கு ஒரு முழு நாள் வேண்டும், ஈரக் காற்றில் அதற்கும் மேல். தினமும் சவரம் செய்பவர் ஒரே பன்றி முடி பிரஷ்ஷை வைத்துக்கொண்டால் அது காயாமலே கிடக்கும், அடிப்பகுதி கெட்டுவிடும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் வழி. விலையைக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் இரண்டு முறை யோசிக்கவே வேண்டாம், செயற்கை இழைதான். பரு, எரிச்சல் உள்ள சருமத்துக்கும் அதையே சொல்வேன், ஏனென்றால் பன்றி முடியின் முதல் மாதத்தை அந்தச் சருமம் தாங்காது.

ஆக, ஒரே ஒரு பிரஷ், அதுவும் முதல் பிரஷ், காலையில் அவசரம் என்றால் செயற்கை இழையை எடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் நிதானமாகச் சவரம் செய்பவர், தாடி தடிப்பானவர், கட்டி சோப்பை விரும்புபவர் பன்றி முடியை எடுங்கள். ஒரு மாதம் பொறுமை காட்டுவது உங்களால் முடியும் என்றால்தான். என்னிடம் இப்போது இரண்டும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை கை தானாகப் போவது பன்றி முடிப் பக்கம்.

வகையை முடிவு செய்தபின் அளவைப் பாருங்கள், பலர் இதில்தான் தவறுகிறார்கள். செயற்கை இழையில் கொத்தின் விட்டம் 24 மி.மீ. இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், கொத்தின் உயரம் 50 மி.மீ. ஒட்டி இருந்தால் வசதி. பன்றி முடி அடர்த்தி குறைவாகத் தெரிந்தாலும் நனைந்தால் பூப்போல விரியும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே கட்டுவார்கள். நான் சொன்ன ஓமேகா 10049-ன் உயரம் கிட்டத்தட்ட 65 மி.மீ. கிண்ணத்தில் நுரை அடிக்க அது பிரமாதம். முகத்திலேயே நுரை போடுபவருக்கு அந்த நீளம் தொளதொளவென்று வளையும், 55 மி.மீ. ஒட்டியதைத் தேடுவது நல்லது. கைப்பிடி மரமாக இருந்தால் வார்னிஷ் நன்றாக மூடியிருக்கிறதா என்று அடிவரை பாருங்கள், தண்ணீர் புகுந்தால் வெடித்துவிடும். பிளாஸ்டிக், ரெசின் கைப்பிடிகளில் அந்தக் கவலை இல்லை. சோப்புக் கையில் வழுக்காமல் இருக்க நடுவில் ஒரு இடுப்பு வளைவு இருந்தால் போதும்.

பிரஷ் கைக்கு வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒருமுறை அலசுங்கள். பன்றி முடியாக இருந்தால் ஷேவிங் சோப்பில் நன்றாக நுரை அடித்து, கழுவாமல் இரவு முழுக்க அப்படியே வைத்துவிடுங்கள். வாடை வேகமாகப் போகும். முதல் சில நாள் நாலைந்து முடி உதிர்வது சாதாரணம். இரண்டு வாரம் கழித்தும் ஒவ்வொரு முறையும் கொத்தாக வந்தால் பசை சரியில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மக் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் கலந்து பத்து நிமிடம் முக்கி எடுத்தால் முடியில் படிந்த வெள்ளைப் படிவு கரைந்துவிடும்.