சிசிஐ குவைட்-22 தோட்டா: அடங்கிய ஓசை, குறுகிய தூரம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டனில் இயங்கும் சிசிஐ நிறுவனத்தின் குவைட்-22 தோட்டா, 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டை விநாடிக்கு 710 அடி வேகத்தில் மட்டுமே செலுத்துவதால், ஒலியின் வேகத்தை மிஞ்சும் குண்டுகள் காற்றில் எழுப்பும் வெடிப்பொலி இதில் எழுவதேயில்லை. சுடுபவரின் காதருகே 68 டெசிபல்தான் என்கிறது நிறுவனம். நீண்ட குழலுடைய, போல்ட் என்னும் அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில், குண்டு மரப்பலகையில் மோதும் ஓசையே பெரிதாகக் கேட்கிறது. 25 கஜம் வரை இதை நம்பலாம். 50 கஜத்தில் குண்டு வெகுவாகத் தாழ்வதால், குறிநோக்கியைத் திருத்தாமல் பயனில்லை. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வைத்திருப்போர் வாங்குமுன் யோசிக்க வேண்டும், ஏனெனில் பின்னுதைப்பு போதாமல் பெரும்பாலும் போல்ட்டைக் கையாலேயே இழுக்க நேரிடும். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, மெதுவான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்காளருக்கு இது சுவையற்றதாகத் தோன்றலாம். வெடிமருந்தை அளந்துகொண்டிருக்கப் பொறுமையில்லாத எனக்கு இதுவே போதும்.