முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு அறுவை சிகிச்சையின்போது எது நல்லது? முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், மூச்சை அவரே விடுவார். முழு மயக்கம் கொடுத்தால் அப்புறம் மனக்குழப்பம் வரும் என்ற பயம் பலருக்கு.

இரண்டையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில் அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 1,600 பேர் இருந்தார்கள். 60 நாளில் இறந்தவர்களும், வாக்கர் பிடித்துக்கூடப் பத்தடி தனியாக நடக்க முடியாதவர்களும் சேர்த்து ஊசியில் 18.5%, மயக்கத்தில் 18%. குழப்பமோ இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு.

சரி, ஊசி போட்டவர்களில் பலருக்குத் தூக்க மருந்தும் கொடுத்தார்களே, குழப்பம் அதனால் வந்திருக்குமோ? சீனாவின் ராகா ஆய்வில் (2022) ஊசிக்காரர்களுக்கு அது இல்லை. அங்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே பயத்தை விடுங்கள். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு முதுகு ஊசியில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. நுரையீரல் மோசமானவருக்கு ஊசியே மேல் என்பேன். மாத்திரைச் சீட்டை மயக்க மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.